குற்றவியல் படிப்பு: நமக்கு எதற்கு?

(மூன்றாம் ஆண்டு மாணவர், கட்டடப் பொறியியல் பிரிவு)



ஆண்டு மலர் என்றாலே சூரிய சக்தி, மழைநீர் சேகரிப்பு, ரோபோ என்றுதான் கட்டுரைகள் வரும். எல்லாம் நல்ல தலைப்புகள்தான். ஆனால் "சிவில் படிக்கிற பையன் குற்றவியல் பற்றி ஏன் எழுதுகிறான்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம்மில் பலபேர் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நாம்தான். என் வீட்டிலும் அப்படித்தான். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். எங்கள் தெருக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், தாலுகா ஆபீசுக்குப் போவார்கள். ஆனால் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட், ஜெயில் என்றால் பேச்சே தாழ்ந்துவிடும். அந்தக் கட்டடங்களுக்குள்ளே என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததால் பயம். பயத்தால் மேலும் தெரியாமல் போகிறது.

அதையே பாடமாக வைத்து, அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது. எங்கள் ஊர் அக்கா ஒருவர் அதில் எம்.ஏ. முடித்தவர். கோடை விடுமுறையில் அவருடைய நோட்டுகளைக் கேட்டு வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். படித்ததில் நம்மைப் போன்றவர்களுக்குத் தேவையானதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

1. குற்றவியல் என்றால் என்ன?

சட்டப் படிப்பு வேறு, குற்றவியல் வேறு. எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்று சட்டம் சொல்லும். குற்றம் ஏன் நடக்கிறது, யார் பிடிபடுகிறார்கள், தண்டனை கொடுத்தபின் அந்த மனிதன் என்ன ஆகிறான் என்று குற்றவியல் கேட்கும்.

ஓர் உதாரணம். பஸ் ஸ்டாண்டில் ஒரு சைக்கிள் திருட்டுப் போகிறது. "எந்தப் பிரிவு? என்ன சாட்சி?" என்பது வக்கீலின் கேள்வி. "ஏன் எப்போதும் அந்த மூலையிலேயே திருட்டுப் போகிறது? அங்கே விளக்கு இருக்கிறதா? பிடிபட்டவனுக்கு என்ன வயது? ஜெயிலுக்குப் போய்வந்தவர்களில் எத்தனைபேர் மறுபடி பிடிபடுகிறார்கள்?" என்பது குற்றவியல் மாணவனின் கேள்வி.

நம்ம பாஷையில் சொன்னால், சட்டம் என்பது ஐ.எஸ். 456 மாதிரி. அது விதிப் புத்தகம். குற்றவியல் என்பது மண் பரிசோதனை மாதிரி. சுவரில் விரிசல் விழுந்தால் சிமெண்ட் பூசி மூடலாம். ஆனால் அடியில் மண் இறங்கியிருந்தால் அடுத்த வருஷமும் அதே இடத்தில்தான் விரிசல் விழும்.

காவல்துறை, நீதிமன்றம், சிறை ஆகிய மூன்றும் சேர்ந்ததற்குக் குற்றநீதி முறை என்று பெயர். இதில் மூன்றாவது பகுதிதான் சீர்திருத்தப் பணி. ஜெயில் மட்டும் சீர்திருத்தப் பணி அல்ல. ஜெயிலுக்கு அனுப்பாமலே நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவது, இடையில் விடுப்பில் அனுப்புவது, விடுதலையானவனுக்கு வேலை தேடித்தருவது எல்லாம் அதில் அடங்கும்.

2. எங்கே படிக்கலாம்?

இந்தியப் பல்கலைக்கழகங்களில் மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகம் இந்தத் துறையை 1959-லேயே தொடங்கிவிட்டது. மும்பை டாடா சமூக அறிவியல் கழகத்திலும் இது பழைய பாடம். நம் மாநிலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித் துறைகள் இருக்கின்றன. சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் கழகம் ஒன்று 1979 முதல் வேலூரில் நடக்கிறது. தமிழ்நாடு மட்டுமல்ல, பக்கத்து மாநில அதிகாரிகளும் அங்கே வந்து பயிற்சி பெறுகிறார்கள்.

டிப்ளமோவை வைத்துக்கொண்டு நேராக எம்.ஏ. சேர முடியாது. முதலில் ஒரு பட்டம் வேண்டும். பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து முடிக்கலாம், அல்லது வேலை பார்த்துக்கொண்டே ஒரு பட்டம் வாங்கலாம். விண்ணப்பிக்கும்முன் அந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டை வாங்கித் தகுதியைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

3. மூன்று பேர், மூன்று பதில்கள்

"ஒருவன் ஏன் குற்றம் செய்கிறான்?" என்ற கேள்விக்குப் பலர் பதில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரை மட்டும் பார்ப்போம்.

முதலாமவர் இத்தாலியைச் சேர்ந்த பெக்காரியா. 1764-ல் குற்றமும் தண்டனையும் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 26. சித்திரவதை, மரண தண்டனை இரண்டையும் எதிர்த்தார். தண்டனை கொடூரமாக இருப்பதைவிட, தப்பாமல் சீக்கிரம் கிடைப்பதுதான் குற்றத்தைத் தடுக்கும் என்றார். இன்றைக்கும் ஒவ்வொரு பெரிய குற்றம் நடந்ததும் "நடுரோட்டில் தூக்கில் போடு" என்று டீக்கடையில் பேசுகிறோமே, அதற்கு 260 வருஷத்துக்கு முன்னாலேயே பதில் சொல்லிவிட்டார்.

இரண்டாமவர் லம்ப்ரோசோ. இவரும் இத்தாலிக்காரர், டாக்டர். கைதிகளின் மண்டை, தாடை, காது எல்லாவற்றையும் அளந்து பார்த்து, "சிலர் பிறக்கும்போதே குற்றவாளிகள்" என்று 1876-ல் எழுதினார். 1913-ல் இங்கிலாந்தில் கோரிங் என்ற சிறை மருத்துவர் சுமார் 3,000 கைதிகளை அளந்து, மற்ற மக்களோடு ஒப்பிட்டு, அப்படித் தனியான குற்றவாளி உருவம் எதுவும் இல்லை என்று காட்டினார்.

லம்ப்ரோசோவின் கொள்கை தவறாகப்போனது ஐரோப்பாவோடு முடிந்த விஷயமில்லை. அவர் புத்தகம் எழுதுவதற்கு முன்பே, 1871-ல், பிரிட்டிஷ் அரசு இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி என்பதுதான் அதன் அடிப்படை. 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் அது வந்தது. கைரேகை பதிவு செய்ய வேண்டும், அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர் தாண்டக்கூடாது, ராத்திரியில் போய் ஆஜர் சொல்ல வேண்டும். அதை எதிர்த்து நின்ற உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 1952-லும் சட்டம் போனது. அறிவியல் பேரைச் சொல்லி வருகிற எல்லாமே அறிவியல் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

மூன்றாமவர் அமெரிக்காவின் சதர்லாண்ட். குற்றம் ரத்தத்தில் வருவதில்லை, பழகுகிறவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளப்படுகிறது என்றார். 1939-ல் 'வெள்ளைக் காலர் குற்றம்' என்ற சொல்லையும் அவர்தான் கொண்டுவந்தார். ஏழைதான் குற்றம் செய்கிறான் என்று நாம் நினைக்கிறோம். ஆபீசில் உட்கார்ந்து கணக்கைத் திருத்துகிறவன் பிடிபடுவதில்லை, அதனால் கணக்கில் வருவதில்லை என்று சொன்னார்.

4. சிறை என்ற கட்டடம்

இது நம்ம பிரிவு நண்பர்களுக்காக!

ஜெயில் கட்டடத்தின் பிளானைப் பார்த்தாலே, கட்டினவர்கள் மனிதனைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துவிடும். இங்கிலாந்தின் பெந்தாம் 1791-ல் ஒரு வரைபடம் வெளியிட்டார். வட்டமான கட்டடம், சுற்றிலும் அறைகள், நடுவில் ஒரு கோபுரம். கோபுரத்தில் இருப்பவன் எல்லோரையும் பார்க்கலாம், அவனை யாரும் பார்க்க முடியாது. "நம்மைப் பார்க்கிறார்களோ" என்ற எண்ணத்திலேயே கைதி அடங்கிக் கிடப்பான் என்பது கணக்கு. இங்கிலாந்து அரசு அதைக் கட்டவில்லை. ஆனால் அந்த எண்ணம் பல நாடுகளுக்கும் போனது.

அமெரிக்காவில் இரண்டு முறைகள் போட்டி போட்டன. பிலடெல்பியாவில் 1829-ல் திறந்த சிறையில் ஒவ்வொரு கைதியும் ராப்பகலாகத் தனி அறை. நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறையில் பகலில் எல்லோரும் சேர்ந்து வேலை, ஆனால் வாய் திறந்து பேசக்கூடாது, ராத்திரி தனி அறை. கடைசியில் அமெரிக்காவில் பரவியது ஆபர்ன் முறைதான். மனிதாபிமானம் மட்டும் காரணம் அல்ல, சேர்ந்து வேலை செய்தால் சிறைக்கு வருமானம்! பிலடெல்பியா சிறையை 1842-ல் பார்த்த எழுத்தாளர் டிக்கன்ஸ், தனிமை என்பது உடம்பை அடிப்பதைவிடக் கொடுமை என்ற முடிவுக்கு வந்தார்.

நமக்குத் தெரிந்த அந்தமான் செல்லுலார் சிறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1896-ல் தொடங்கி 1906-ல் முடித்தார்கள். நடுக் கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி ஏழு சிறகுகள், மூன்று மாடி, 690-க்கும் மேற்பட்ட அறைகள். ஒரு அறை சுமார் 4.5 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம். காற்று வரும் துவாரம் 3 மீட்டர் உயரத்தில். ஒரு சிறகின் முன்பக்கம் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி அமைத்தார்கள். அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே முடியாது. கட்டுமானமாகப் பார்த்தால் எவ்வளவு கச்சிதம்! ஆனால் அந்தக் கச்சிதம் முழுக்க மனிதனைத் தனியாக்குவதற்குத்தான். இப்போது மூன்று சிறகுகள்தான் மிச்சம் நிற்கின்றன.

நாளைக்கு நம்மில் யாராவது ஒரு சிறைக்கோ காவல் நிலையத்துக்கோ பிளான் போடலாம். ஜன்னல் எந்த உயரத்தில், மனு பார்க்க வருகிற தாய்மார்கள் உட்கார நிழல் உண்டா, கழிப்பறைக்குத் தண்ணீர் எவ்வளவு என்பதெல்லாம் அப்போது நம் பென்சில் முனையில் இருக்கும்.

5. உள்ளே இருப்பவர்கள் யார்?

ஜெயிலில் இருப்பவன் எல்லாம் தண்டனை பெற்றவன் என்று நான் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். கணக்கைப் பாருங்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இடம் இருந்தது 4,36,266 பேருக்கு. அதாவது 100 பேர் படுக்கும் இடத்தில் 131 பேர். அதில் விசாரணைக் கைதிகள் மட்டும் 4,34,302 பேர். நூற்றுக்கு 75.8. நான்கு பேரில் மூன்று பேர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை! உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். நம் அண்ணன், மாமா, சித்தப்பா மாதிரி ஆட்கள்.

ஏன் இத்தனை பேர் வெளியே வர முடியவில்லை? 1978-ல் உச்ச நீதிமன்றம் விசாரித்த மோதிராம் வழக்கு இதற்கு நல்ல விளக்கம். மோதிராம் மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். ஜாமீனில் விடலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் கீழ்க்கோர்ட்டில் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். அண்ணன் தம்பி வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றதற்கு, "உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது" என்று தள்ளிவிட்டார்கள். மறுபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஏழையிடம் அவனால் முடியாத தொகையைக் கேட்பது ஜாமீனை மறுப்பதற்குச் சமம் என்ற கருத்தில் நீதிபதி கிருஷ்ண ஐயர் தீர்ப்பு எழுதி, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். கிருஷ்ண ஐயரே 1948-ல் ஒரு மாதம் ஜெயிலில் இருந்தவர். பிறகு 1957-ல் கேரளாவில் மந்திரியாகிச் சிறைத்துறையையும் பார்த்தவர்.

கொத்தனார் மகனான எனக்கு இந்த வழக்கைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும்! அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022-ல், நான் பத்தாவது படிக்கும்போது, எங்கள் மாமா (அம்மாவின் தம்பி) திருவிழாவில் நடந்த ஓர் அடிதடி வழக்கில் கைதானார். செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிற வேலை அவருக்கு. கிளைச் சிறையில் வைத்தார்கள். ஒன்பதாம் நாளே ஜாமீன் கிடைத்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மாமா வீட்டுக்கு வரவில்லை.

இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், ஒவ்வொருவரும் சொந்த வீட்டுக்கு வரி கட்டிய ரசீது காட்ட வேண்டும் என்றார்கள். எங்கள் தெரு முழுக்கப் புறம்போக்கு. யாருக்கும் பட்டா இல்லை. அம்மா நான்கு ஊர் அலைந்தாள். "ஜெயில் விஷயமா? நம்மால ஆகாதும்மா" என்று சொந்தக்காரர்களே கதவைச் சாத்தினார்கள். கடைசியில் அப்பாவுக்கு வேலை கொடுக்கிற ஒரு மேஸ்திரியும் அவர் மைத்துனரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். அதற்குள் இன்னும் 31 நாள் போய்விட்டது. அந்த 31 நாளும் எந்தச் சட்டத்தின் பேரில் உள்ளே இருந்தார்? ஜாமீன் கிடைத்துவிட்டது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை. பட்டா இல்லாததுதான் காரணம்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சில வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பிணை கட்ட முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் தாமதத்துக்குக் காரணம் என்று சுட்டிக்காட்டியது. அதே 2023-ல் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையிலும் தர அப்போது வழி வைத்தார்கள். ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்று கேட்கிற ஆள் வீட்டில் வேண்டுமே!

6. ஒட்டின பெயர் போவதில்லை

மாமாவின் வழக்கு பிறகு விடுதலையில் முடிந்தது. கோர்ட் விட்டுவிட்டது, ஊர் விடவில்லை. "ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவன்" என்றுதான் இன்றைக்கும் அடையாளம் சொல்கிறார்கள். சூளையில் ஏதாவது காணாமல் போனால் முதலில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

இதற்கும் பாடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அமெரிக்காவின் ஹோவர்ட் பெக்கர் 1963-ல் எழுதிய 'முத்திரை குத்தல்' கொள்கை. ஒருவனைக் குற்றவாளி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருந்தால், வேலை கிடைக்காது, பெண் கிடைக்காது, பழைய நண்பர்கள் விலகுவார்கள். கடைசியில் அவனைச் சேர்த்துக்கொள்வது உண்மையான குற்றவாளிகள் மட்டும்தான். தண்டனை காலம் முடிந்தாலும் பெயர் முடிவதில்லை. அந்தப் பெயரை ஒட்டுவதில் அரசாங்கத்தைவிட அக்கம்பக்கத்துக்குத்தான் பங்கு அதிகம்.

7. நாம் மனப்பாடம் செய்ய வேண்டியவை

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாக மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பிரிவு எண்கள் மாறினாலும் கீழே உள்ள அடிப்படைகள் இருக்கின்றன.

அ) கைது செய்தவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. இவை அரசியல் சாசனம் 22-ஆம் பிரிவிலேயே இருக்கின்றன.

ஆ) கைதான செய்தியைச் சொந்தக்காரருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும்.

இ) 60 நாளில், பெரிய குற்றமானால் 90 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை.

ஈ) ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில், ஒரு வாரம் ஆகியும் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாதவரை ஏழை என்றே கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும்.

உ) அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலம் விசாரணைக் கைதியாகவே இருந்துவிட்டால் ஜாமீன் உண்டு. முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புதிய சட்டத்தின் 479-ஆம் பிரிவு அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு உள்ளவர்களுக்கும் பொருந்தாது.

ஊ) காவலில் இருப்பவர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். போன் எண் 15100.

8. திருத்துவது எப்படி?

தண்டனைக்கு நான்கு நோக்கங்கள் என்று படிக்கிறோம். பழிக்குப் பழி, பயமுறுத்தித் தடுத்தல், அடைத்து வைத்துத் தடுத்தல், திருத்துதல். முதல் மூன்றுக்கும் சுவர் போதும். நான்காவதற்கு ஆள் வேண்டும், தொழில் வேண்டும்.

இளைஞர்கள் விஷயத்தில் சென்னை மாகாணம் முன்னோடி. 1920-லேயே குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் போட்ட முதல் மாகாணம் இதுதான். பிறகு 1925-ல் பார்ஸ்டல் பள்ளிச் சட்டம். இங்கிலாந்தில் பார்ஸ்டல் என்ற ஊரில் 1902-ல் தொடங்கிய முறை அது. பெரிய கைதிகளோடு சேர்க்காமல், நம் வயதுப் பையன்களைத் தனியாக வைத்துத் தொழில் கற்றுக்கொடுப்பது.

1958-ல் வந்த நன்னடத்தைச் சட்டத்தை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றத்தில், 21 வயது ஆகாதவரைச் சாதாரணமாக ஜெயிலுக்கு அனுப்பக்கூடாது. அனுப்புவதானால் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பார்த்து, காரணத்தை நீதிமன்றம் எழுத வேண்டும். நன்னடத்தையில் விடப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பும் கிடையாது.

சிறைக்குள்ளே நெசவு, தையல், காலணி, ரொட்டி என்று பட்டறைகள் நடக்கின்றன. தமிழ்நாட்டில் சில இடங்களில் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்குகளைப் பார்த்திருப்பீர்கள். வேலைக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜெயிலுக்குள் லேத், வெல்டிங், வயரிங் கற்றுக்கொடுக்கவும் யாராவது வேண்டும். அந்த வேலைக்கு நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் பல மாநிலச் சிறைக் கையேடுகளில் 2024 வரை இருந்தன. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததும் உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்டது. 2024 அக்டோபர் 3 அன்று அந்த விதிகளை நீதிமன்றம் செல்லாதாக்கியது. கைதிகளின் பதிவேட்டில் சாதிக்கென்று கட்டமே இருக்கக்கூடாது என்றது. குற்றப் பரம்பரைச் சட்டம் போய் 70 வருஷத்துக்கு மேல் ஆகியும் அதன் வேர் இப்படி உள்ளே இருந்திருக்கிறது.

9. இதைப் படித்தால் என்ன வேலை?

"ஏன்டா, சிவில் படிச்சுட்டு ஜெயில் வேலைக்கா போகப்போற?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. சீக்கிரம் சம்பளம் வர வேண்டிய வீடு எங்களுடையது. ஆகவே விசாரித்து எழுதுகிறேன்.

இரண்டாம் நிலைச் சிறைக் காவலர் பணிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது. பத்தாம் வகுப்பு அடிப்படைத் தகுதி. உதவிச் சிறை அலுவலர், நன்னடத்தை அலுவலர் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு, பட்டம் வேண்டும். குழந்தைகள் இல்லங்கள், சட்ட உதவி மையங்கள், விடுதலையானவர்களுக்கு உதவும் தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றிலும் இந்தப் படிப்புக்கு இடம் உண்டு. நம் பிரிவுக்காரர்களுக்கு இன்னொரு வழி: காவல், சிறை, தீயணைப்புத் துறைக் கட்டடங்களைக் கட்டுவது தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம்.

சம்பளம் பெரிதாக இருக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். எம்.ஏ. முடித்த அக்காவுக்கே வேலை கிடைக்க இரண்டு வருஷம் ஆனது. இப்போது ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறார். "தம்பி, முதல்ல டிப்ளமோவை அரியர் இல்லாம முடி. கையில ஒரு தொழில் இருக்கட்டும். அப்புறம் இதைப் படி. நம்ம ஊர்ல இருந்து நாலு பேராவது இதுக்குள்ள வரணும்" என்றார். நானும் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறேன். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முடிவுரை

1979-ல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்காகக் கிடந்தவர்களைப் பற்றி ஒரு வழக்கு வந்தது. ஹுசைனாரா காதூன் வழக்கு என்று பெயர். சீக்கிரம் விசாரிக்கப்படுவது அடிப்படை உரிமை என்று அதில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு எப்படி வந்தது தெரியுமா? ருஸ்தம்ஜி என்ற போலீஸ் அதிகாரி சிறைகளைப் பார்த்துப் பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த கபிலா ஹிங்கோரானி என்ற வக்கீல் அம்மா மனுப் போட்டார். ஒருவர் பார்த்ததை எழுதினார், இன்னொருவர் படித்ததும் சும்மா இருக்கவில்லை.

எல்லோரும் குற்றவியல் படிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏழாம் பகுதியில் உள்ள ஆறு குறிப்புகளையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது விடியற்காலையில் அழுகுரல் கேட்டால், "நமக்கெதுக்கு" என்று கதவைச் சாத்தாமல் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். படித்த பிள்ளை நம் வீட்டில் ஒன்று இருக்கிறது என்பதற்கு அதுதான் அர்த்தம்.